இணையக் கணனியியலில் முதுமாணிப் பட்டமும் எம் பிள்ளைகளும்

மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்று வாயில்களையே எம் பெற்றோர் நெடுங்காலமாகப் பிள்ளைகளுக்குக் காட்டி வந்தனர். நான்காவதாகக் கணனி வந்து சேர்ந்தது. இன்று இலண்டன் மாநகரிலே முதற்பட்டம் பெற்ற எம் பிள்ளைகள் பலர் இணையக் கணனியியலில் முதுமாணிப் பட்டம் பெற விழைகின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் இதற்கெனவே வந்து சேரும் இளைஞரும் உளர். இவ்விருப்பத்தை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் இதனைப்பற்றிச் சில சொற்கள் கூறவேண்டியுள்ளது.

முதலாவது, பட்டத்தின் பெயரைக் கண்டு மயங்குதல் வேண்டாம். இணையம் புதுமையாக இருந்த நாளில் அதன் பெயரிலேயே படிப்புகள் தோன்றின. இப்போது செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்னும் பெயர்ப்பலகைகளே முன்னிற்கின்றன. பலகையை விட்டு உள்ளே உள்ள சரக்கைப் பார்த்தலே அறிவுடைமை. வலையமைப்புகள் எவ்வாறு இயங்குகின்றன, பல கணனிகள் ஒரு வேலையை எவ்வாறு பகிர்ந்து செய்கின்றன, செய்தி எவ்வாறு மறைகுறியாக்கப்படுகின்றது என்பவை கற்பிக்கப்படுகின்றனவா எனப் பாடவிதானத்தைப் பார்த்துக் கேட்டறிதல் வேண்டும்.

இந்த அடிப்படைகள் எளிதிற் பழமையடைவன அல்ல. இலண்டனின் தென்மேற்கே தெடிங்டனில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில், தகவலைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பும் முறையை 1965இல் டொனால்ட் டேவிஸ் வகுத்தார். இன்றும் இணையம் அம்முறையிலேயே இயங்குகின்றது. 1973இல் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தை அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்புடன் இணைத்தவர் பேராசிரியர் பீட்டர் கேர்ஸ்டீன். அவர் 1933இல் பெர்லினிலே பிறந்த யூதர். நாசி ஆட்சியின் காலத்திற் சிறுவனாகப் பெற்றோருடன் இந்நாட்டுக்கு வந்தவர். பிறந்த மண்ணை விட்டு வந்தோரின் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நன்று.

இரண்டாவது, பணமும் காலமும். இந்நாட்டில் இப்பட்டம் பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. மொத்தம் 180 திறமைப்புள்ளிகள். அவற்றுள் ஏறத்தாழ 60 ஆய்வேட்டுக்கு உரியன. இங்கு வளர்ந்த பிள்ளைக்கு 2016 முதல் அரசின் பட்டப்பின் கடன் கிடைக்கின்றது. ஊரிலிருந்து வரும் மாணவர் நிலை வேறு. அவர் பன்மடங்கு கட்டணம் செலுத்துகின்றார். தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். 2024 சனவரி முதல், பாடவழி முதுமாணி கற்கவருவோர் துணைவரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துவர இயலாது. படிப்பு முடிந்தபின் தங்கி வேலை செய்வதற்கான ஈராண்டு அனுமதியும் 2027 சனவரி முதல் விண்ணப்பிப்போருக்குப் பதினெட்டு மாதமாகக் குறைகின்றது. “எப்படியாவது வந்து சேர், பிறகு பார்க்கலாம்” என்று தொலைபேசியிற் கூறும் உறவினர் ஈடுவைக்கப்படும் காணியைக் காண்பதில்லை. வந்த பிள்ளை இரவிற் பெற்றோல் நிலையத்தில் நின்றுவிட்டுக் காலை விரிவுரையிற் கண்ணயர்வதையும் அவர் காண்பதில்லை. விதிகளை முழுமையாக எடுத்துக் கூறாமல் ஒருவரை அழைத்தல் தவறென்றே நாம் கருதுகின்றோம்.

இனி, தமிழுக்கு வருவோம். இதுவே எம் மனத்தில் நெடுநாளாக உள்ளது.

“தமிழ்” என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? எம் பள்ளியின் பாலர் வகுப்புப் பிள்ளையும் மூன்று என்று கூறும். ஒருங்குறி முறையிலோ அது ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இணையத்திற் பெரிதும் வழங்கும் யூ.டி.எவ்.-8 குறியேற்றத்தில் இவ்வைந்தும் பதினைந்து பைற்றுகளாகச் சேமிக்கப்படுகின்றன. அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்து பைற்றுகளே போதும். சொல்லின் இறுதியில் நின்று அழிவிசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் புள்ளி மட்டும் மறைந்து “தமிழ” என நிற்கும். மெய்யும் புள்ளியும் சேர்ந்து ஓரெழுத்து என்பதை நிரல் எழுதியவர் கருத்திற் கொள்ளாவிடின், சொற்பிழை திருத்தலிலும் அகரவரிசைப்படுத்தலிலும் தேடலிலும் இடர்ப்பாடு தோன்றும். தமிழ் அறியாத வல்லுநருக்கு இதில் ஒரு குறை இருப்பதே புலப்படாமற் போகலாம்.

இத்துறையில் முன்னோடிகளாக உழைத்தோர் எல்லோரும் கணனிப் பட்டதாரிகள் அல்லர். சிங்கப்பூரில் 1997இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டிய நா. கோவிந்தசாமி ஓர் எழுத்தாளர், ஆசிரியர். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடக்கிய கு. கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்தில் வாழும் வேதியியலாளர். ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கும் நூலகம் திட்டமும் 2005 முதல் ஆர்வலர் பலரின் உழைப்பால் வளர்ந்தது. ஓய்வு நேரத்தில் அவர்கள் இவ்வளவு செய்தனரெனில், ஓராண்டு முழுவதும் இத்துறையையே கற்கும் எம் பிள்ளை தன் ஆய்வேட்டுக்குத் தமிழ்ச் சிக்கல் ஒன்றை ஏன் எடுத்துக்கொள்ளலாகாது? பழைய அச்சுநூலை வாசிக்கும் நிரலோ, பேச்சை எழுத்தாக்கும் கருவியோ, எதுவாயினும் ஆகுக. தகுந்த முன்மொழிவுடன் செல்லும் மாணவரை மேற்பார்வையாளர் மறுக்கவேண்டிய காரணம் எமக்குத் தோன்றவில்லை.

ஆனால் அதற்கு அம்மாணவர் தமிழ் அறிந்திருத்தல் வேண்டும். பத்தாம் ஆண்டுக்குச் சென்றதும் “இனிச் சோதனைக்குப் படிக்கவேண்டும்” என்று தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தப்படும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். மீதப்படுவது சனிக்கிழமையில் இரண்டு மணி நேரம். அடுத்த தவணைப் பதிவுப் படிவம் வீட்டுக்கு வரும்போது, பெற்றோர் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிப் பிள்ளையோடும் ஒருமுறை பேசுவார்களாக.