ஏரியும் நாவலும்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில் பழவேற்காடு என்னும் ஊர் உள்ளது. அவ்வூரை ஒட்டிப் பரந்து கிடக்கும் ஏரி, ஒடிசா மாநிலத்துச் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஅரிகோட்டா என்னும் தீவு நீண்டு கிடக்கின்றது. ஆரணியாறு முதலிய ஆறுகள் ஏரிக்கு நன்னீர் கொணர்கின்றன. கடல் முகத்துவாரத்தின் வழியே உப்புநீரை அனுப்புகின்றது.

இந்த ஏரியின் இயல்பு யாது? மழைக்காலத்தில் கேட்டால் நன்னீர் மிகுந்தது என்று சொல்ல வேண்டும். கோடையில் கேட்டால், சில இடங்களில் கடலினும் மிகுதியாக உவர்ப்பது என்று சொல்ல வேண்டும். ஒருகால் நீர்ப்பரப்பாக இருந்த இடம் மற்றொருகால் சேறாகவும் வெடித்த நிலமாகவும் காட்சி தருகின்றது. ஆயினும் அங்குள்ள மீனவர் எவரும், ஏரி தன் சொல் தவறியது என்று குறை கூறுவதில்லை. பருவத்தையும் நீரையும் பார்த்து அவர்கள் வலையை மாற்றிக் கொள்கின்றனர். நீரின் சுவை மாறினாலும் ஏரி ஒன்றே என்பது அவர்கள் அறிந்த உண்மை.

நாவல் எழுதுவோர்க்கும் இவ்வுண்மை பயன்படும். கதை எழுதத் தொடங்குவோன் முதலில் அதற்கு ஒரு வகையை வகுத்துக் கொள்கிறான். இது வரலாற்று நாவல், இது சமூக நாவல், இது துப்பறியும் கதை என்று பெயரிட்ட பின்னரே பேனாவைத் தொடுகிறான். ஆனால் எழுத எழுதக் கதை அந்தப் பெயருக்குள் அடங்குவதில்லை. நகைச்சுவையாகத் தொடங்கியது துயரமாகின்றது. சாகசக் கதையாகத் தொடங்கியது தத்துவ ஆராய்ச்சியாகின்றது. எழுத்தாளன் கலங்குகிறான்; தன் திறமையில் ஐயம் கொள்கிறான்; எழுதியதைக் கிழித்தெறியவும் துணிகிறான். இக்கலக்கம் வேண்டாத ஒன்று. கதை தன் வகையை மாற்றிக் கொள்வது குற்றமன்று. தன் பொருளை மறந்துவிடுவதே குற்றம்.

பழவேற்காட்டைப் பற்றியே ஒருவன் நாவல் எழுதப் புகுவதாகக் கொள்வோம். ஊருக்குள் நுழைந்ததும் ஒல்லாந்தர் என்னும் டச்சுக்காரரின் பழைய கல்லறைத் தோட்டம் அவன் கண்ணில் படுகின்றது. அவர்கள் 1613-ஆம் ஆண்டில் இங்குக் கட்டி முடித்த கெல்டிரியாக் கோட்டையைப் பற்றிக் கேள்விப்படுகிறான். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்திற்கு இவ்வூர் தலைமையிடமாக விளங்கியதையும், 1690-ஆம் ஆண்டில் அத்தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறியதையும் அறிகிறான். கப்பல்களும் கோட்டைகளும் நிறைந்த வரலாற்று நாவல் அவன் உள்ளத்தில் உருவாகின்றது.

மேலும் படிக்கும்போது, இக்கரையிலிருந்து துணிப் பொதிகள் மட்டும் கப்பல் ஏறவில்லை என்பது தெரிகின்றது. அடிமைகளாக விலைப்பட்ட மக்களும் இங்கிருந்து பத்தேவியா முதலிய கீழ்த்திசைத் துறைமுகங்களுக்கு அனுப்பப்பட்டனர். வீரக் கதைக்காக எடுத்து வைத்த தாள் துயரக் கதையைக் கேட்கின்றது.

பின்னர் அவன் ஏரிக்கரைக்கு வருகிறான். மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக் கொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கம் அங்கு நெடுங்காலமாக உள்ளது. அம்முறையில் உரிமை பெற்றோரும் உண்டு, பெறாதோரும் உண்டு. இடுப்பளவு நீரில் இறங்கி, கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மகளிரும் உண்டு. முகத்துவாரம் மணலால் தூர்ந்து போனால் கடலுக்கும் ஏரிக்கும் இடையே மீனின் போக்குவரத்துக் குறைகின்றது; வலை வெறுமையாகின்றது; வீட்டில் உலை ஏறுவதில்லை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை நேரில் கண்டவர்களும் அங்கு வாழ்கின்றனர். இப்போது அவன் கதை சமூக நாவலாகின்றது. தலைநிமிர்ந்து பார்த்தாலோ, ஒருபுறம் பூநாரைகள் கூட்டமாகப் பறக்கின்றன; மறுபுறம் ஸ்ரீஅரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டு விண்ணை நோக்கி எழுகின்றது. மிதவைப் படகும் விண்கலமும் ஒரே காட்சியில் அமையும் ஊரில், எந்த வகைக் கதையை எழுதுவது?

இந்நிலையில் எழுத்தாளன் இரு தவறுகளுள் ஒன்றைச் செய்யக் கூடும். முதலில் வகுத்த வகையையே பிடிவாதமாகப் பற்றிக்கொண்டு, அதற்கு ஒவ்வாதவற்றையெல்லாம் வெட்டி எறிவது ஒன்று. அப்போது கோட்டை நிற்கும், மனிதர் மறைவர். கண்டவற்றையெல்லாம் ஒன்றும் விடாமல் அடுக்கி வைப்பது மற்றொன்று. அப்போது நூல் சந்தைக் கூடையாகுமேயன்றி நாவலாகாது. இவ்விரண்டுக்கும் இடையே வழி உண்டா? உண்டு என்பதற்கு இலக்கிய வரலாறே சான்று.

தமிழில் தோன்றிய தொடக்ககால நாவல்களுள் ஒன்று ‘கமலாம்பாள் சரித்திரம்’. வத்தலக்குண்டில் 1872-ஆம் ஆண்டில் பிறந்த பி. ஆர். ராஜமையர் அதனை எழுதினார். ‘விவேக சிந்தாமணி’ என்னும் இதழில் 1893 முதல் 1895 வரை அது தொடராக வெளிவந்தது. தொடக்கத்தில் அது சிறுகுளம் என்னும் சிற்றூரின் கதை. ஊர் வம்பும், பெண்களின் உரையாடலும், தமிழாசிரியர் அம்மையப்ப பிள்ளையின் வேடிக்கையும் படிப்போரைச் சிரிக்க வைக்கின்றன. பின்னர்க் கள்வர்கள் வருகின்றனர், செல்வம் அழிகின்றது, கணவன் மனைவியரிடையே பழிச்சொல் புகுந்து பிரிவை உண்டாக்குகின்றது. இறுதியில் கதை வேதாந்த நெறியில் சென்று அமைதி பெறுகின்றது. குடும்பக் கதை மர்மக் கதையாகிப் பின்பு ஞானக் கதையான இம்மாற்றத்தைத் திறனாய்வாளர் பலர் குறையாகக் கூறியுள்ளனர். முற்பகுதியின் உயிர்த்துடிப்பு பிற்பகுதியில் இல்லை என்பதும், தற்செயல் நிகழ்ச்சிகள் அங்கே மிகுதி என்பதும் மறுக்க இயலாதவை.

ஆயினும் அந்நாவலுக்கு ஆசிரியர் இட்ட மற்றொரு தலைப்பை நினைவில் கொள்ள வேண்டும். ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்பது அது. அபவாதம் என்றால் பழிச்சொல். முற்பகுதியில் சிரிப்பை விளைவித்த ஊர்ப்பேச்சே பிற்பகுதியில் ஒரு குடும்பத்தைக் குலைக்கின்றது. குலைந்த மனிதன், பேச்சுக்கு எட்டாத அமைதியைத் தேடிப் போகிறான். வகை மூன்றாயினும் வினா ஒன்றே: பிறர் வாய்ச்சொல்லில் தொங்கும் வாழ்வில் மனத்துக்கு அமைதி எங்கே? அந்த வினா அறாமல் ஓடுவதால்தான், நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்நாவல் படிக்கப்பெறுகின்றது.

கடலைப் பற்றிய உலக நாவல்களிலும் இதனைக் காணலாம். அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் இளமையில் திமிங்கில வேட்டைக் கப்பலில் பணி செய்தவர். அவர் 1850-ஆம் ஆண்டில் தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், திமிங்கில வேட்டையைப் பற்றிய சாகசக் கதை ஒன்றை எழுதி வருவதாகவே குறிப்பிட்டார். மறு ஆண்டு ‘மோபி டிக்’ வெளிவந்தபோது அது வெறும் சாகசக் கதையாக இல்லை. அதன் சில அதிகாரங்கள் நாடகம் போல் அமைந்தன. சில, திமிங்கிலங்களை வகைப்படுத்தும் அறிவியல் கட்டுரைகள் போல் அமைந்தன. அக்கால வாசகர் பலர் அதனை ஏற்கவில்லை. நூலும் நன்கு விற்கவில்லை. மெல்வில் 1891-ஆம் ஆண்டில் மறைந்தபோது, அவரை நினைவில் வைத்திருந்தோர் சிலரே. 1920-களுக்குப் பின்னரே உலகம் அந்நூலின் பெருமையை உணர்ந்தது. இயற்கையைப் பழிவாங்கத் துடிக்கும் மனிதனின் வெறி எங்கே கொண்டு போய் விடும் என்னும் வினாவே அதன் பல வடிவங்களையும் ஒன்றாகக் கட்டியிருந்தது.

எர்னஸ்ட் ஹெமிங்வே வேறொரு வழியைக் காட்டினார். கடலில் தனியே சென்று பெருமீன் பிடித்த முதியவர் ஒருவரைப் பற்றி, 1936-ஆம் ஆண்டில் ‘எஸ்குயர்’ இதழில் வந்த கட்டுரையொன்றில் அவர் சில வரிகள் எழுதினார். அக்கட்டுரையில் வரும் முதியவர், பிடித்த மீனைச் சுறாக்கள் தின்றுவிட, படகில் அழுதுகொண்டிருக்கிறார். அச்செய்தி எழுத்தாளரின் உள்ளத்தில் பல ஆண்டுகள் கிடந்தது. 1952-ஆம் ஆண்டில் அது ‘கிழவனும் கடலும்’ என்னும் குறுநாவலாக வெளிவந்தது. அதன் கிழவன் மீனை இழந்தும் தானே கரை சேர்கிறான். உள்ளம் தோற்காமல் உறங்குகிறான். ஹெமிங்வே வடிவத்தை மாற்றியபோது சேர்த்தவற்றைவிட விலக்கியவையே மிகுதி. சுருங்குவதும் ஒரு மாற்றமே.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஒருவகைக் கதை என்று எண்ணிப் புத்தகத்தை எடுத்த வாசகனுக்கு வேறுவகைக் கதையைக் கொடுப்பது ஏமாற்று ஆகாதா? வாசகனின் இந்த உரிமை உண்மையானது. அதனைப் புறக்கணித்தல் ஆகாது. ஆனால் வாசகன் நம்பி வருவது கதையின் பெயர்ப்பலகையை மட்டும் அன்று. ஒரு மனிதனின் இன்பதுன்பத்தில் அவனை ஈடுபடுத்திய எழுத்தாளன், இறுதிவரை அம்மனிதனைக் கைவிடாதிருக்க வேண்டும் என்பதே வாசகனின் எதிர்பார்ப்பு. அதனை நிறைவேற்றினால் வகை மாறினாலும் வாசகன் உடன்வருவான். நிறைவேற்றாவிட்டால் வகை மாறாவிட்டாலும் புத்தகத்தை மூடிவிடுவான்.

எனவே, கதை திசைமாறும்போது எழுத்தாளன் தன்னையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இம்மாற்றத்தை வேண்டுவது கதையின் பொருளா, தன் சலிப்பா? முன்னே எழுதிய பகுதியை எடுத்துவிட்டால் பின்னே வரும் பகுதி பொருளற்றுப் போகுமானால், மாற்றம் கதையிலிருந்து பிறந்தது எனலாம். முன்பகுதி இல்லாமலே பின்பகுதி தனித்து நிற்குமானால், அவை இரண்டு கதைகள். பிரித்து எழுதுவதே நன்று. பிறர் நாவல் ஒன்று புகழ்பெற்றது என்பதற்காகவோ, எழுதுவது கடினமாயிற்று என்பதற்காகவோ தடம் மாறுவது வளர்ச்சியாகாது, அலைச்சலேயாகும்.

பழவேற்காட்டு நாவலாசிரியனுக்கும் இதுவே வழி. கோட்டையா, மீனவரா, பறவையா, விண்கலமா என்று அவன் தேர்ந்துகொண்டிருக்க வேண்டுவதில்லை. கப்பலேற்றப்பட்ட அடிமைக்கும், பாட்டு முறையில் உரிமையற்றவனுக்கும், தூர்ந்த முகத்துவாரத்தைப் பார்த்து நிற்கும் மீனவனுக்கும் பொதுவான வினா ஒன்று உண்டு: இந்தக் கரையும் இந்த நீரும் யாருக்கு உரியவை? அவ்வினாவைக் கண்டுகொண்டானாயின், வரலாறும் சமூகமும் அறிவியலும் அவன் நூலில் தத்தம் இடத்தைத் தாமே பெறும். காணாமல், காதல் கதைக்குப் பின்னணியாக மட்டும் ஏரியைத் தீட்டினால், அங்கு வாழும் மக்களுக்கு அநீதி இழைத்தவனாவான். ஒரு கதையின் எல்லைக்குள் அடங்கவில்லை என்பதற்காக மனிதரின் வாழ்வைக் குறுக்குதல் தகாது; எல்லையை விரித்தலே தகும்.

முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரியில் புதுநீர் புகாது, நீர் தேங்கும், உவர்ப்பு மிகும், மீன்வளம் குன்றும். ஆதலால்தான் அதனைத் தூர்வார வேண்டும் என்று மீனவர் ஓயாது கேட்கின்றனர். எழுத்தாளனும் தான் முதலில் வகுத்த திட்டத்தைக் கதையின் வாயில் மணல்மேடாகக் குவித்துவிடலாகாது. நன்னீர் வரட்டும், உப்புநீரும் வரட்டும். கரையை மட்டும் அவன் காத்து நிற்பானாக.