'ஃப்ரெஷர்' பிழையான சொல்லா?

அல்வாலில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வசிக்கும் மாணவி ஒருவர் இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்தார். துறையின் வாட்ஸ்அப் குழுவில் தம்மை 'ஃப்ரெஷர்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். "அப்படியோர் ஆங்கிலச் சொல்லே இல்லை, 'ஃப்ரெஷ்மன்' என்பதே சரி" என்று மூத்த மாணவர் ஒருவர் திருத்தினார். பின்னாலேயே சிரிப்புக் குறிகள் வரிசைகட்டின. தெலுங்கு வழியில் பள்ளிக் கல்வியை முடித்துவந்த அம்மாணவி, அன்றுமுதல் அக்குழுவில் ஒரு சொல்லும் எழுதவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பிழை திருத்தியவருடையது.

'ஃப்ரெஷ்மன்' பழைய சொல்தான். 16ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் வழங்கியது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குள்ள மாணவர்களே அதைச் சுருக்கி 'ஃப்ரெஷர்' ஆக்கினர். ரக்பி 'ரக்கர்' ஆனதும், அசோசியேஷன் ஃபுட்பால் 'சாக்கர்' ஆனதும் அதே ஈற்றினால்தான். இன்றும் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு தொடங்குவது 'ஃப்ரெஷர்ஸ் வீக்' கொண்டாட்டத்துடன்தான். 'ஃப்ரெஷ்மன்' நிலைத்தது அமெரிக்காவில். அங்கும் அதிலுள்ள 'மன்' ஆண்பாலைச் சுட்டுவதால் அது பின்வாங்குகிறது. யேல் பல்கலைக்கழகம் 2017இல் தன் அலுவல் வழக்கில் 'முதலாமாண்டு மாணவர்' என்ற பொருள்தரும் தொடருக்கு மாறியது. பிறந்தகமே கைவிட்டதை நாம் ஏன் தலையில் சுமக்க வேண்டும்?

இந்தியாவில் 'ஃப்ரெஷர்' இன்னொரு பொருளையும் பெற்றுள்ளது: பணி அனுபவமற்ற புதிய பட்டதாரி. கல்லூரிக்குள் நுழையும்போது ஒருமுறை, பட்டம்பெற்று வெளியேறும்போது மறுமுறை என ஒருவர் இருமுறை ஃப்ரெஷர் ஆகிறார். இப்பொருள் பிரித்தானியருக்கு எளிதில் விளங்காது. எனவே வெளிநாட்டுக்கு விண்ணப்பம் எழுதுவோர் அதைத் தவிர்ப்பது நன்று. இது வட்டார வழக்குகளுக்கிடையிலான வேறுபாடு, பிழையன்று. உயர்ந்தோர் வழங்கியவாறு வழங்குவதே மரபு என்கிறது நன்னூல். இந்திய ஆங்கிலத்தில் அந்த உயர்ந்தோர் யார் என்பதே என் வினா. அமெரிக்கத் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் மட்டுமா?

இனி முதன்மையான செய்திக்கு வருகிறேன். நம் நாட்டில் 'ஃப்ரெஷர்' வெறும் பேச்சுவழக்குச் சொல் அன்று. 1996இல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தை இயற்றியது. ஒன்றுபட்ட ஆந்திரமும் அதே 1997இல் இயற்றியது. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வெளியிட்ட ராகிங் தடுப்பு விதிமுறைகள், 'ஃப்ரெஷர்' என்ற சொல்லை எடுத்து, ஒரு நிறுவனத்தில் சேர்ந்து அங்கே முதலாம் ஆண்டில் பயிலும் மாணவர் என்று வரையறுத்தன. பேச்சாலோ எழுத்தாலோ அவரை இழிவாக நடத்துவதும் ராகிங்கே என்றன. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், மொழி அடையாளம், பிறந்த இடம், பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றை முன்னிட்டு ஒருவரை மனத்தளவில் துன்புறுத்துவதையும் ஒதுக்கிவைப்பதையும் அதில் சேர்த்தது.

எந்தச் சொல் ஆங்கிலமே இல்லை என்று எள்ளப்பட்டதோ, அதே சொல்லைக் கொண்டுதான் அவ்வெள்ளலுக்கு எதிரான விதியும் எழுதப்பட்டிருக்கிறது.

"அப்படியானால் யாரையும் திருத்தவே கூடாதா?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கலாம். திருத்தலாம், திருத்தவும் வேண்டும். எந்தச் சொல் எங்கே, யாரிடம், எப்பொருளில் செல்லும் என்று சொல்லித்தருவது கற்பித்தல். நூறு பேர் பார்க்க ஒருவரைச் சிரிப்புக்குள்ளாக்குவது கற்பித்தல் ஆகாது. அதனால் அம்மாணவி புதிதாக ஓர் ஆங்கிலச் சொல்லையும் கற்கவில்லை. வாய்திறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார். பல்கலைக்கழகம் ஒருவருக்கு முதலில் கற்பிக்கும் பாடம் அதுவாக இருத்தல் கூடாது.