கூலியும் உரிமைத் தொகையும்

காஞ்சீபுரத்துக்கு மேற்கே பெங்களூர் ராஜபாட்டையை ஒட்டியிருக்கிறது தாமல் கிராமம். பெரிய ஏரி ஒன்று உண்டு. ஏரி நிரம்பினால் நடவுக் கூலி. நிரம்பாவிட்டால் சர்க்கார் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை என்ற கதிதான். கொஞ்சம் படித்த பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளை நாடிப் போகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு தாயார் மாதத்தின் பதினைந்தாம் தேதியை விரல்விட்டு எண்ணிக் காத்திருந்தால், அவளைக் கேலி செய்ய யாருக்கும் யோக்கியதை கிடையாது.

ஆனாலும் கேலி செய்கிறார்கள். இலவசம் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டார்கள் என்று புலம்புவது சௌகரியமுள்ளவர்களுக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. மாதம் ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு சோம்பலாக வாழ்வது எப்படி என்பதை அவர்கள் ஒரு மாதம் தாமே செய்து காட்டினால், நாமும் கற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை 2023 செப்டம்பர் 15-ம் தேதி முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தது காஞ்சீபுரத்தில்தான். பச்சையப்பன் கல்லூரி மைதானத்தில். விண்ணப்பித்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர். முதலில் அங்கீகரிக்கப்பட்டவர்கள் 1 கோடியே 6 லட்சத்துக்குச் சற்று மேல். குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும்; நன்செய் ஐந்து ஏக்கரையும் புன்செய் பத்து ஏக்கரையும் தாண்டக்கூடாது; மின்சாரச் செலவு வருஷத்தில் 3,600 யூனிட்டுக்குள் அடங்கவேண்டும்; கார் இருக்கக்கூடாது. 2025 டிசம்பரில் மேலும் பலர் சேர்க்கப்பட்டு, எண்ணிக்கை 1 கோடியே 30 லட்சத்தை எட்டியது.

பணம் புருஷன் கைக்குப் போகாமல், ஸ்திரீயின் பெயரிலுள்ள கணக்குக்கு நேரே போகிறதே, அது ஒன்றுக்காகவே இத்திட்டத்தை நாம் வரவேற்கிறோம். சமையல், பிள்ளை வளர்ப்பு, பெரியவர்களுக்குப் பணிவிடை எல்லாம் கூலியில்லாத வேலை என்பதை ஒரு சர்க்கார் வாய்விட்டு ஒப்புக்கொண்டது சிறிய காரியமல்ல. முதல் மாதத்திலேயே சில பாங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை, பழைய கடன் பாக்கி என்று சொல்லி அந்த ஆயிரத்தில் கை வைத்தன. நிதி மந்திரி ஸ்ரீ தங்கம் தென்னரசு பாங்கிகளை எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஏழையின் பணம் வாசற்படி ஏறுவதற்குள் எத்தனை கைகள் நீளுகின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நமது சண்டை தொகையோடு அல்ல. தொகையைக் காட்டிக் கூலியை மறக்கடிக்கிறார்களே, அதோடுதான். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நூறு நாள் வேலைக்கு மத்திய சர்க்கார் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 2025-26-ம் வருஷத்தில் நாளொன்றுக்கு 336 ரூபாய். செய்த வேலையை அளந்து கூலி தருகிற முறையாகையால் அந்த முழுத் தொகையும் கைக்கு வரும் என்பதில்லை. வந்ததாகவே வைத்துக்கொள்வோம். உரிமைத் தொகை வருஷத்துக்கு 12,000 ரூபாய். அதாவது ஏறக்குறைய 36 நாள் கூலி. இனி, தாமலில் கூலி வேலை செய்யும் ஒருத்திக்கு, வயலிலாகட்டும் தொழிற்சாலையிலாகட்டும், நாள் கூலி 50 ரூபாய் ஏறியதென்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் 250 நாள் வேலை செய்தால் 12,500 ரூபாய். உரிமைத் தொகை முழுவதையும் விட ஐந்நூறு ரூபாய் அதிகம்! அந்த ஐம்பது ரூபாய்க்கு மனுப் போடவேண்டாம். மின்சார மீட்டரைக் காட்டவேண்டாம். யார் படத்தையும் பார்த்துக் கும்பிடவும் வேண்டாம். அதைக் கொடுக்கவேண்டியவர் வேலை வாங்குகிறவர். உரிமைத் தொகையைக் கொடுப்பதோ கஜானா. கஜானாவை நிரப்புவதோ சோப்பும் எண்ணெயும் வாங்கும்போது வரி கொடுக்கிற அதே தாயார்.

அந்த 336 ரூபாயும் காலத்தில் வந்ததா என்றால் அதுவும் இல்லை. 2024 நவம்பர் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் வேலை செய்தவர்களுக்குக் கூலி வரவில்லை. தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கூலிப் பாக்கி 1,056 கோடி ரூபாய் என்று 2025 ஜனவரியில் முதல் மந்திரி பிரதம மந்திரிக்குக் கடிதம் எழுதினார். மண் சுமந்தவர்கள் டில்லிக்கும் சென்னைக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு 2025 டிசம்பரில் பழைய சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. நாட்கள் 125 என்று ஏட்டில் உயர்ந்தன. செலவில் 40 சதத்தைப் பெரும்பாலான ராஜ்யங்களின் தலையில் வைத்தார்கள். கடனில் தத்தளிக்கும் ராஜ்யம் தன் பங்கைத் தேட எந்தச் செலவை வெட்டுமென்று ஊகிக்க ஜோசியம் தேவையில்லை.

இந்த ராஜ்யத்தின் அரசியலில் அரிசிப் படிக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1967-ல் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி ஒரு கட்சி ஆட்சிக்கு வந்தது. அதன் தலைவர் அண்ணாதுரை காஞ்சீபுரத்துப் பிள்ளை. உரிமைத் தொகை தொடங்கிய தேதியும் அவர் பிறந்த தினமே. அன்று சென்னையிலும் கோயமுத்தூரிலும் ஒரு படியோடு நின்ற வாக்குறுதி, பின்னர் 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011-ல் விலையே இல்லை என்று இறங்கியது. இதனால் பட்டினி தணிந்தது என்பதை மறுப்பவன் குருடன். ஆனால் 2021 தேர்தலை நினைத்துப் பாருங்கள். ஒரு கட்சி மாதம் 1,000 ரூபாய் என்றது. எதிர்க்கட்சி 1,500 ரூபாயும் வருஷத்துக்கு ஆறு காஸ் சிலிண்டரும் என்றது. ஏலம் போல விலை ஏறிக்கொண்டே போயிற்று. வயலிலும் ஆலையிலும் கூலியை இவ்வளவு உயர்த்துவோம் என்று அதே உரத்த குரலில் ஏலம் கேட்டவர் யாராவது உண்டா? இல்லை, ஏனெனில் அந்த ஏலத்தில் பணம் கட்டவேண்டியவர்கள், கட்சிகளுக்கு வேண்டியவர்கள்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தின் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1795-ல் ரொட்டி விலை ஏறிக் கூலிக்காரர்கள் தவித்தபோது, பெர்க்ஷயர் ஜில்லா மாஜிஸ்திரேட்டுகள் ஸ்பீன்ஹாம்லாந்து என்ற இடத்தில் ஒரு சத்திரத்தில் கூடினார்கள். கூலியைச் சட்டப்படி உயர்த்தலாமா என்று யோசித்து, அதை விட்டுவிட்டு, ரொட்டி விலைக்கும் குடும்பத்து வாய்களுக்கும் ஏற்றபடி குறைவதை ஊர் வரியிலிருந்து ஈடுசெய்வது என்று தீர்மானித்தார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஊர் ஈடு செய்யும் என்று தெரிந்த பண்ணையார்கள் கூலியை ஏன் உயர்த்துவார்கள்? இதனால் கூலி எவ்வளவு சரிந்தது என்பதில் சரித்திரக்காரர்களிடையே விவாதம் உண்டு. அந்நாளைய விசாரணைக் கமிஷன் மிகைப்படுத்திவிட்டது என்றும் சொல்வார்கள். கடைசியில் நடந்ததில் மட்டும் விவாதமில்லை. 1834-ல் ஒரே சட்டத்தினால் அந்த உதவியைக் குறுக்கி, ஏழைகளை வேலைவிடுதிக்கு வா என்றார்கள். உதவியும் போயிற்று, கூலியும் உயர்ந்திருக்கவில்லை.

கூலி எப்படி உயருகிறது? கூடிக் கேட்டால் உயருகிறது. காஞ்சீபுரம் ஜில்லாவிலேயே, சுங்குவார்சத்திரத்தில் ஸாம்ஸங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. அவர்களுடைய முதல் கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கவேண்டும் என்பது. சங்கத்தைப் பதிவு செய்வதற்கே ஹைகோர்ட்டு வரை போகவேண்டியிருந்தது. பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில். ஒரு கோடிக்கு மேற்பட்ட ஸ்திரீகளின் மனுக்களைச் சில மாதங்களில் பரிசீலித்துப் பணமும் அனுப்பிய சர்க்காருக்கு, ஒரு தொழிற்சங்கத்தின் மனுவைப் பதிவுசெய்ய இத்தனை காலம் ஏன் பிடித்தது என்று நாம் கேட்கிறோம்.

குடும்ப வரவு செலவைப் பற்றிப் பேசும்போது சாராயத்தைப் பேசாமல் விடுவது கள்ளக் கணக்கு. 2024-25-ல் உரிமைத் தொகைக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கியது 13,720 கோடி ரூபாய். அதே வருஷம் டாஸ்மாக் கடைகளின் மூலம் சர்க்காருக்குக் கிடைத்த வரி 48,344 கோடி ரூபாய், மூன்றரை மடங்கு. 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குத் தொடங்கிய இந்த நாட்டில், 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. மனைவியின் கணக்கில் பதினைந்தாம் தேதி வரவு; புருஷனின் சட்டைப்பையிலிருந்து தினமும் பற்று. இதில் யார் யாருக்கு உபகாரம் செய்கிறார்கள்?

இனிச் சட்ட விஷயத்துக்கு வருவோம். திட்டத்தின் பெயரில் உரிமை என்ற சொல் இருக்கிறது. கோர்ட்டில் வாதாடிப் பழகிய நமக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தந்தான் தெரியும்: மறுக்கப்பட்டால் கேட்டு வாங்க வழி உள்ளது எதுவோ அதுவே உரிமை. இத்தொகை 2023-ல் பிறந்தது அரசாங்க ஆணையினால். சட்டசபை இயற்றிய தனிச் சட்டத்தினால் அல்ல. மனு நிராகரிக்கப்பட்டவர்கள் கோட்டாட்சியரிடம் முறையிடலாம் என்று வைத்தார்கள். அந்த முறையீடும் ஆணை கொடுத்ததே. ஆணையால் வந்தது ஆணையால் போகும். மகாராஷ்டிரத்தில் 2024-ல் தேர்தலுக்கு முன் மாதம் 1,500 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். தேர்தல் முடிந்தது, 2025-ல் தகுதிப் பரிசோதனை என்று 26 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களுக்குப் பணத்தை நிறுத்திவைத்தார்கள். ஓட்டுப் போடுமுன் இருந்த தகுதி ஓட்டுப் போட்டபின் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி லஞ்சமாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் தமிழ்நாட்டு வழக்கிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நல்லது. லஞ்சமில்லையென்றால் அதைச் சட்டமாக்குவதில் என்ன கூச்சம்? பிரிட்டனில் எலினார் ராத்போன் என்ற அம்மையார் பல வருஷம் வாதாடி, 1945-ல் குடும்பப் படிச் சட்டத்தைக் கண்டார். முதல் குழந்தையை விட்டு மற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங். மசோதாவில் தகப்பன் பெயரில் எழுதியிருந்ததைப் போராடித் தாய் பெயருக்கு மாற்றினார்கள். படி கொடுத்தால் முதலாளிகள் கூலியைக் குறைப்பார்களென்று அங்கே தொழிற்சங்கத் தலைவர்கள் பலர் நெடுங்காலம் அஞ்சினார்கள். அந்தப் பயம் நியாயமானது. சங்கங்கள் கூலியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதால்தான் அங்கே படியும் கூலியும் சேர்ந்து நின்றன.

இங்கேயும் அப்படி ஆகவேண்டுமானால் இரண்டு காரியங்கள் நடக்கவேண்டும். உரிமைத் தொகைக்குச் சட்டசபையில் மசோதா வேண்டும். விலைவாசி ஏற ஏறத் தொகையும் ஏறவேண்டும். 2023-ல் ஆயிரமாக இருந்தது 2025 முடிகிறவரை ஆயிரமாகவே நின்றது, கடைக்காரர் மட்டும் நிற்கவில்லை. பெயரை நீக்குவதானால் எழுத்தில் காரணம் காட்டவேண்டும். இது ஒன்று. மற்றது கூலி. 1948-ம் வருஷத்துக் குறைந்த கூலிச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21-ல் புதிய கூலித் தொகுப்புச் சட்டம் வந்தது. ஐந்து வருஷத்துக்கு மேற்படாமல் கூலியைத் திருத்தவேண்டும் என்பது இரண்டிலும் உண்டு. தேசத்துக்கெல்லாம் ஓர் அடிமட்டக் கூலி விதிக்கும் அதிகாரத்தையும் புதிய சட்டம் மத்திய சர்க்காருக்குக் கொடுத்திருக்கிறது. 2017-ல் சட்டபலமில்லாமல் அவர்கள் சொல்லிவைத்த அடிமட்டம் நாளொன்றுக்கு 176 ரூபாய். அந்த லட்சணத்தில் இன்னொரு தடவை விதித்தால் விதிக்காமலே இருக்கலாம். ராஜ்ய சர்க்கார் அதற்குக் காத்திராமல், விவசாயக் கூலிக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் கூலிக்கும் தன் அட்டவணையைத் திருத்தி, அமலாகிறதா என்று பார்க்க இன்ஸ்பெக்டர்களைக் கிராமத்துக்கு அனுப்பவேண்டும்.

இதே ஜில்லாவில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளை நமது பிரசங்கிகள் மேடைதோறும் புகழ்கிறார்கள். அந்தக் குடத்தில் பெயர் போட, கால் வேலிக்கு மேல் இறை கொடுக்கும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கூலிக்காரனுக்கு அதில் இடமில்லை. கூலிக்காரியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடத்தில் ஏறக்கூடாது என்றும் அதே கல்வெட்டு விதித்தது. இன்று தாமல் தாயாருக்கு ஓட்டு இருக்கிறது. கட்சிகள் அவள் வாசலுக்கு வருவது அதற்காகத்தான். வருகிறவர்களிடம், உங்கள் ஆட்சியில் எங்கள் நாள் கூலி எவ்வளவு ஏறியது, அடுத்த ஐந்து வருஷத்தில் எவ்வளவு ஏற்றுவீர்கள் என்று கிராமத்து ஊழியர்கள் எழுத்து மூலமாகக் கேட்டு, கையெழுத்துடன் பதில் வாங்கி, பஞ்சாயத்து ஆபீசுச் சுவரில் ஒட்டிவைக்கட்டும்.