கிணறு கேட்கும் கணக்கு

தோழனே!

சென்ற ஞாயிறன்று இதே பகுதியில் காந்திகிராமத்தைப் பற்றியும், குமரப்பாவின் பொருளியலைப் பற்றியும் எழுதியிருந்தேன். மடல்கள் வந்து குவிந்தன. பாராட்டு சில, கேள்விகள் பல, கண்டனமும் உண்டு. பாராட்டுக்கு மறுமொழி தேவையில்லை. கேள்விக்கு விடை கூறாதவன் மேடையேறத் தகுதியற்றவன். எனவே உன் கேள்விகளையே இன்று கட்டுரையாக்குகிறேன்.

"கல்லூரியைப் பாதியிலே விட்டவனுக்குப் பொருளாதாரம் எதற்கு?" என்று கேட்கிறார் ஒரு நண்பர். கல்லூரியை விட்டேன், நண்பரே, கணக்கை விடவில்லை! பட்டம் பெற்றவர் சொன்னால்தான் ஏற்பீர்கள் என்றால், தஞ்சையில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பாவைச் சாட்சிக்கு அழைக்கிறேன். இலண்டனிலே கணக்காய்வுத் தொழில் கற்றவர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலே பொதுநிதி பயின்றவர். அந்தக் கணக்காய்வாளர்தான் அந்நிய ஆட்சியின் சிறையிலிருந்து 'நிலைத்த பொருளாதாரம்' என்று பொருள்படும் நூலை எழுதினார். அது வெளிவந்த ஆண்டு 1945. இன்று உலக மன்றங்களில் 'நீடித்த வளர்ச்சி' என்று முழங்குகிறார்களே, அந்தச் சொல்லுக்கு இலக்கணம் வகுத்த புருண்ட்லாண்ட் குழுவின் அறிக்கை வந்தது 1987-இல். நாற்பத்திரண்டு ஆண்டுகள் முந்திக்கொண்டான் தமிழன்!

"பழம்பெருமை பேசிப் பயன் என்ன? அது மாட்டுவண்டிப் பொருளாதாரம். முதலில் வளர்ச்சி, பிறகு சுற்றுச்சூழல் என்றுதானே ஏடுகளில் வல்லுநர்கள் எழுதுகிறார்கள்?" இது இரண்டாவது மடல்.

தோழனே, அந்த வல்லுநர்களைத் திண்டுக்கல்லுக்கு அழைத்து வா. சிறுமலை அடிவாரத்திலே, சின்னாளப்பட்டிக்கு அருகிலே, 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் தோற்றுவித்த காந்திகிராமத்தைக் காட்டு. அங்கு 1956-இல் முளைத்த ஊரகக் கல்வி நிறுவனம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததைச் சொல். பிறகு, அங்கிருந்து வெகுதூரம் போக வேண்டாம், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் கிணறுகளைக் காட்டு.

அந்தக் கிணறுகளின் கதை நான் புனைந்த நாடகம் அன்று. உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பிலே பதிவாகியுள்ள செய்தி. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு அது. திண்டுக்கல் வட்டாரத்தில் பதின்மூன்று சிற்றூர்களை ஆராய்ந்தது ஒரு தன்னார்வ அமைப்பு. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்று கண்டது. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காகக் கல் கணக்கில் நடந்தார்கள் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

நான்கில் மூன்று கிணறு! இதுவா முதலில் வந்த வளர்ச்சி? 'பிறகு' என்று சொன்னார்களே, அந்தப் 'பிறகு' எந்தக் கிணற்றின் அடியிலே கிடக்கிறது?

கணக்கு எப்படி ஏமாற்றுகிறது, பார். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும் என்று அந்த வழக்கிலே கூறப்பட்டது. ஏற்றுமதியான தோலின் விலை நாட்டு வருமானத்தில் ஏறுகிறது. கிணறு கெட்டது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. கிணறு கெட்டதால் குடும்பத் தலைவி குடம் குடமாக விலைகொடுத்து நீர் வாங்குகிறாளே, அந்தப் பணமும் நாட்டு வருமானத்தில் ஏறுகிறது! அவள் இழந்ததும் வளர்ச்சி. அவன் ஈட்டியதும் வளர்ச்சி! கணக்காய்வாளர் குமரப்பா மறுத்தது இந்த ஒருபக்கக் கணக்கைத்தான். கனியைத் தின்றுவிட்டு மரத்துக்கு எதுவும் தராத குரங்கையும், தேனை எடுத்தாலும் மகரந்தம் பரப்பி மரத்தைக் காய்க்கச் செய்யும் தேனீயையும் அவர் ஒப்பிட்டார். வல்லுநர் சொல்லும் வளர்ச்சி எந்த இனம் என்பதை நீயே முடிவு செய்.

"அப்படியானால் ஆலைகளையெல்லாம் மூடச் சொல்" என்று கொதிக்கிறார் மூன்றாமவர். இங்கேதான் நான் நிதானம் வேண்டுகிறேன். மூடு என்று முழங்குவது எளிது. கதவு மூடிய மறுநாள் அடுப்பு மூடப்படுவது யார் வீட்டிலே? முதலாளியின் வீட்டிலா? இல்லை! சுண்ணாம்புத் தொட்டியிலே கால்களை வேகவிட்டவனின் குடிசையிலே! திண்டுக்கல் தோல் தொழிலாளியின் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக வடித்தார். அது 2012-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி பரிசைப் பெற்றது. அதைப் படித்தவன், தொழிலாளியை மறந்துவிட்டுத் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசமாட்டான்.

அறமுள்ள வழி உண்டா? உண்டு. அந்தத் தீர்ப்பு, தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருவதை ஒப்புக்கொண்டது. ஆனால் இயற்கையை அழிக்க அதற்கு உரிமையில்லை என்றது. மாசு செய்தவனே விலை தரவேண்டும் என்றது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத்து ஆலைகள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் கட்ட ஆணையிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று, இறால் பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அதிலே, வேலையிழக்கும் தொழிலாளிக்குச் சட்டப்படியான இழப்பீட்டோடு ஆறாண்டுக் கூலியும் தரவேண்டும் என்று கூறப்பட்டது. பார்த்தாயா! நீரையும் காக்கலாம், உழைப்பவனையும் காக்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது முதலாளி எழுதித்தந்த வசனம். அதை நாம் ஏன் ஒப்பிக்கவேண்டும்?

நான்காவது மடல் நயமாகக் கேட்கிறது: "நீதிமன்றம் இருக்கிறது, நிபுணர்கள் இருக்கிறார்கள். அரசியல் கட்சிக்கு இதில் என்ன வேலை?"

தீர்ப்பு நடக்குமா நடக்காதா என்பதை நடைமுறையில் முடிவு செய்வது அரசியல்தான், தோழனே! இறால் பண்ணை வழக்கிலே தீர்ப்பு வந்தது 1996-இல். நாடாளுமன்றம் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது; பண்ணைகள் பதிவுபெற்று நடப்பதற்கு வழிவகுத்தது. நீதிபதி எழுதியதைச் சட்டமன்றங்கள் மாற்றி எழுத முடியும். அந்த மன்றங்களுக்கு ஆளனுப்புகிறவன் நீ! தோல் கழிவையே எடுத்துக்கொள். குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்திலே பிரித்துப் படியவைக்கலாம். ஆனால் தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பு நீரிலே கரைந்தே நிற்கும். அதைப் பிரிக்கச் சவ்வூடு வடிகட்டும் பொறிகள் வேண்டும், மின்சாரம் வேண்டும், பெரும்பணம் வேண்டும். பிரிக்க முடியும் என்று சொல்வதோடு நிபுணரின் வேலை முடிந்தது. அந்தச் செலவை ஆலை ஏற்பதா, அரசு ஏற்பதா, அல்லது கிணற்றுக்காரன் தலையிலே கட்டுவதா என்பது அரசியலல்லாமல் வேறென்ன?

இனி, குமரப்பாவின் அன்பர்களுக்கும் ஒரு சொல். சிற்றூரைப் போற்றும் பொருளியலை மதிக்கிறேன். ஆனால் சிற்றூரைக் கோயிலாக்கிக் கும்பிடமாட்டேன். ஆலைக் கழிவு கலக்கும் முன்பே, ஊர்க்கிணற்றிலே சாதி கலந்திருந்தது. தெளிந்த நீர் நிறைந்திருந்த நாளிலும், அதைத் தொடக்கூடாது என்று துரத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். 'நிலைத்த பொருளாதாரம்' என்றால், எது நிலைக்க வேண்டும்? நீர் நிலைக்கட்டும், நிலம் நிலைக்கட்டும், நெசவும் உழவும் நிலைக்கட்டும். சேரி சேரியாகவே நிலைக்கவேண்டுமென்றால், அந்த நிலைபேறு நமக்கு வேண்டாம்! காக்கப்படும் கிணறு அனைவருக்கும் பொதுவான கிணறாக இருக்கவேண்டும். இதை ஏற்காத பசுமைப் பேச்சு, பழைய மடமைக்குப் பூசிய புதுச்சாயம்.

தோழனே, தலையங்கத்தைப் படித்துத் தலையசைப்பதும், தேநீர்க் கடையிலே மறுத்துப் பேசுவதும் போதாது. உன் மறுமொழி செயலாகட்டும். தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாட்களோடு 2022-இல் மேலும் இரண்டு சேர்ந்தன. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அந்த நாளுக்குமுன் உன் ஊராட்சியிலுள்ள கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் எண்ணு. எது இனிக்கிறது, எது கரிக்கிறது, எது வற்றிவிட்டது, எது யாருக்கு மறுக்கப்படுகிறது என்று நான்கு பத்தி போட்டு எழுது. நீரைச் சோதித்துத் தருமாறு எழுத்திலே கேள். முடிவை ஊராட்சி மன்றத்தின் சுவரிலே எல்லோரும் காண ஒட்டச் சொல். தீர்மானம் நிறைவேற்று. நம் கட்சிக்காரரே தலைவராக இருந்தாலும் கேள். அவராக இருந்தால் இன்னும் உரக்கக் கேள்!

குமரப்பா 1960 சனவரி 30 அன்று மறைந்தார். அவர் கேட்ட கணக்கு இன்னும் முடியவில்லை. 350 கிணறுகள் கேட்கின்றன: "எங்கள் வரவு எங்கே? எங்கள் கடனை யார் தீர்ப்பது?"

ஏட்டை எடு. எழுதுகோலை எடு. கிணற்றடிக்குப் போ. நாட்டின் வரவுசெலவைச் சரிபார்க்கும் வேலை அங்கிருந்து தொடங்கட்டும்!