தரகர் சொல்லாமல் விட்டது

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே வீட்டுப் பெட்டியில் கிடந்த மனைப் பத்திரத்தை எழுத்தெழுத்தாய்ப் படித்துப் பார்த்த முதல் ஆளும் நானே. கொத்தனார் வேலை செய்யும் என் தந்தை 2014-இல் காரைக்குடிக்கு வெளியே மூன்று சென்ட் மனை வாங்கினார். “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குண்ணே, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்” என்றாராம் தரகர். அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார்.

மனைப்பிரிவுக்கு ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் போதாது. நகர் ஊரமைப்புத் துறையின் இசைவும் வேண்டும். அஃதில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. பணம் கட்டி முறைப்படுத்தினாலொழிய வீடு கட்ட அனுமதியில்லை. அனுமதியில்லையேல் வங்கிக் கடனுமில்லை. போதாக்குறைக்கு, ஐப்பசியில் அங்கே முழங்கால் நீர் நிற்கிறது. கண்மாய்க்கு நீர் போகும் தாழ்வான இடம் அது. பங்குனி வெயிலில் காட்டினால் யாருக்குத் தெரியும்?

“வாங்குகிறவன் அல்லவா விசாரிக்க வேண்டும்?” என்று என் நண்பரொருவர் கேட்டார். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை இன்று கட்டணமின்றியே பார்க்கலாம், உண்மைதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியே தெரியாதவர் எதைக் கேட்பார்? அது தெரிந்தவர் என்பதற்காகத்தானே தரகருக்குக் கமிஷன்! சந்தையில் மாட்டுத் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினாலும், மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் பேசுகிறார். மண்ணுக்குப் பல்லில்லை என்பதால் மறைக்கலாமா?

2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. தரகர் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு பெறாத திட்டத்தை விற்கக்கூடாது, பொய்யுரை கூடாது, வாங்குபவருக்குரிய ஆவணங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய், மனை விலையில் நூற்றுக்கு ஐந்து வரை அபராதம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு திட்டங்களுக்குப் பதிவு தேவையில்லை. கைமாறும் பழைய வீடுகளும் இதில் வருவதில்லை. நம் செட்டிநாட்டிலோ சிக்கலே அங்குதான். ஒரு வளவுவீட்டுக்கு எத்தனை பங்காளிகள்! ஒருவர் மலேசியாவில், ஒருவர் சென்னையில். பெண் மக்களுக்கும் பங்குண்டென்று தமிழகச் சட்டம் 1989-லும் மத்தியச் சட்டம் 2005-லும் சொல்லிவிட்டன. கையெழுத்துப் போட வந்தவரை மட்டும் காட்டி முன்பணம் வாங்கித் தரும் தரகர், வாங்குபவருக்கு வீட்டையா தருகிறார்? வழக்கையல்லவா தருகிறார்!

எல்லாத் தரகரும் அப்படியில்லை. “இது ஊரணிப் புறம்போக்கை ஒட்டினது, வேண்டாம் மாமா” என்று என் தாய்மாமனைத் தடுத்து, தம் கமிஷனை இழந்தவரையும் நான் அறிவேன். விற்றால்தான் கூலி என்றிருக்கும் தொழிலில் அப்படிச் சொல்வது எளிதன்று.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. நம் வகுப்புத் தோழர்களில் சிலரே ஞாயிறுதோறும் மனை காட்டும் வேனில் போகிறார்கள். சாப்பாடும் ஐந்நூறு ரூபாயும் கிடைக்கிறதாம். கல்விக் கட்டணத்துக்கு உதவும் பணம். குறை சொல்ல எனக்கு வாயில்லை. நண்பர்களே, வேனில் ஏற்றிவரும் பெரியவரிடம் சர்வே எண்ணையும் அனுமதி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் கூட்டிப் போங்கள்.