'காதலிக்க நேரமில்லை' போஸ்டரை வரைஞ்சது யாரு பாஸ்? - ஒரு 60 வருஷக் கணக்கு!

கஃபே சுவர், டி-ஷர்ட், மொபைல் கவர்... எங்கே திரும்பினாலும் பழைய சினிமா போஸ்டர்தான் இப்போ ட்ரெண்ட். 'எங்க ஜோடி போட்டோவை அறுபதுகள் போஸ்டர் மாதிரி மாத்திக் கொடு'ன்னு ஏஐ-கிட்ட கேட்டா, சில நொடியில் ரெடி. ஸ்டேட்டஸ் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: அந்த ஸ்டைலை முதல்ல வரைஞ்சது யாரு?

'காதலிக்க நேரமில்லை'யையே எடுத்துக்கோங்க. 2025 பொங்கலுக்கு வந்த ரவி மோகன் படம் இல்லை. 1964-ல் ஸ்ரீதர் இயக்கிய ஒரிஜினல். எம்.ஜி.ஆரும் இல்லை, சிவாஜியும் இல்லை. ரவிச்சந்திரன் அப்போ புதுமுகம். நாகேஷ் - பாலையா கதை சொல்லும் சீன் எல்லாம் படம் பார்த்த பிறகுதானே தெரியும்? சமூகப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் வந்த காலத்தில் இது ஈஸ்ட்மென் கலர். டீசர், ட்ரெய்லரை போனில் பார்க்க முடியாத நாளில், அந்தக் கலரையும் இளமையையும் தெருவில் போறவருக்குக் காட்ட போஸ்டர்தான் வழி.

அந்தக் கால போஸ்டர்கள் பலவும் ஸ்டில்லைப் பார்த்து, பிரஷ்ஷால் வண்ணம் தீட்டி, டைட்டில் எழுத்தையும் கையாலேயே எழுதி உருவானவை. நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர் பெயரெல்லாம் பெருசா இருக்கும். வரைஞ்சவர் பெயர்? மூலையில் ஒரு குட்டிக் கையெழுத்து. பல போஸ்டர்களில் அதுவும் இருக்காது.

பெயர் இல்லைன்னா என்ன ஆகும்?

இந்திய காப்பிரைட் சட்டப்படி, ஓவியர் யாருன்னு தெரிஞ்சா, அவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. யாருன்னே தெரியலைன்னா, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் மட்டும்தான். அப்படிப் பார்த்தால், 1964-ல் வெளியான பெயர் தெரியாத போஸ்டர்களின் உரிமை 2024 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிஞ்சாச்சு. 'அன்பே வா' வெளியான 1966-ம் ஆண்டு போஸ்டர்களுக்குக் கெடு, 2026 டிசம்பர் 31. அதற்குள் ஓவியர் யாருன்னு சட்டப்படி நிரூபணமானால், கணக்கே மாறிடும்.

'காசு கொடுத்து வரையச் சொன்ன தயாரிப்பாளருக்குத்தானே உரிமை?'ன்னு கேட்கலாம். பல நேரங்களில் அப்படித்தான். ஆனா, 'இதை வரைஞ்சது நான்'னு சொல்லிக்கிற உரிமை, காப்பிரைட்டை விற்ற பிறகும் ஓவியருக்கே சொந்தம்னு அதே சட்டம் சொல்லுது.

காப்பிரைட் முடியுறது கெட்ட விஷயம் இல்லை. பழைய கலை எல்லோருக்கும் கிடைக்கணும். ஸ்டைலுக்குக் காப்பிரைட்டும் கிடையாது. அதனால் ஏஐ படத்தைத் தப்புன்னும் சொல்லிட முடியாது. ஆனா, பெயரே தெரியாம உரிமை முடியுறது வேற. ஃப்ளெக்ஸ் வந்தப்போ பேனர் ஓவியர்கள் பலர் வேலையை இழந்தாங்க. இப்போ, வரைஞ்ச தடயமும் போயிட்டிருக்கு.

அடுத்த முறை பழைய போஸ்டரை ஷேர் பண்றப்போ, மூலையை ஜூம் பண்ணிப் பாருங்க. கையெழுத்து இருந்தா கேப்ஷனில் போடுங்க. உங்க ஊரில் பேனர் வரைஞ்ச பெரியவர் இருந்தா, எந்தப் படத்துக்கு வரைஞ்சார்னு கேட்டு, போனில் ரெக்கார்டு பண்ணி வைங்க. அவங்க இருக்கும்போதே கேட்டாதான் உண்டு!