லேர்டு குடும்பமும் கப்பல் தொழிலாளிகளும்

இங்கிலாந்தில் மெர்சி நதியின் ஒரு கரையில் லிவர்பூல், எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட். 1824-ல் வில்லியம் லேர்டு என்பவர் பர்க்கன்ஹெட்டில் கொதிகலன் செய்யும் இரும்புப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1828-ல் மகன் ஜான் சேர்ந்தார். பிறகு இரும்புக் கப்பல்கள் கட்டப்பட்டன. தகப்பன், மகன், பேரன்மார் என்று குடும்பப் பெருமை பாடுவார்கள். தோழர்களே, அந்தக் கப்பல்கள் எங்கே போயின என்று நாம் பார்ப்போம்.

1839-ல் அங்கே கட்டப்பட்ட 'நெமிசிஸ்' போர்க் கப்பலை வாங்கியது யார்? நம் நாட்டைச் சுரண்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனி! சீன மக்கள் தலையில் அபினியைக் கட்டுவதற்கு நடந்த யுத்தத்திற்கு அது போயிற்று.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த தென்பகுதிப் பண்ணை முதலாளிகளுக்கு, லேர்டின் புத்திரர்கள் 1862-ல் 'அலபாமா' கப்பலைக் கட்டிக் கொடுத்தார்கள். அது வடபகுதிக் கப்பல்கள் சுமார் 65-ஐப் பிடித்தது. இதற்கெல்லாம் 1872-ல் நஷ்ட ஈடு 1 கோடியே 55 லட்சம் டாலர் என்று தீர்ப்பாயிற்று. கொடுத்தது லேர்டு குடும்பமா? இல்லை, பிரிட்டிஷ் சர்க்கார். லாபம் குடும்பத்திற்கு, நஷ்டம் ஜனங்களுக்கு!

பக்கத்திலேயே லங்காஷயர் மில்கள். யுத்தத்தால் பருத்தி வரத்து நின்று மில்கள் மூடிக் கிடந்தன, லட்சக்கணக்கானோர் பட்டினி. அடிமைச் சொந்தக்காரர்கள் ஜெயித்தால் பஞ்சு வரும், வேலை வரும். ஆனாலும் 1862 டிசம்பர் 31-ந் தேதி மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு, அடிமை விடுதலையை ஆதரித்து லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். மறு மாதமே லிங்கன் நன்றி கூறிப் பதில் எழுதினார். ஜான் லேர்டோ 1863-ல் பார்லிமெண்டில் எழுந்து, வர்க்கத்தின்மேல் வர்க்கத்தை ஏவிவிட்டவன் என்ற பெயரைவிட ஒரு டஜன் அலபாமா கட்டியவன் என்ற பெயரே மேல் என்றார். தன் வர்க்கம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1903-ல் கேம்மல் கம்பெனியுடன் சேர்ந்து 'கேம்மல் லேர்டு' ஆயிற்று. 1977-ல் சர்க்கார் உடைமையாயிற்று. ஆனால் 1979-ல் சர்க்கார் தாட்சர் அம்மையார் கைக்குப் போய்விட்டதே! 1984-ல் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள், பாதி கட்டிய போர்க் கப்பலிலும் எரிவாயு மேடையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். கோர்ட்டார் இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை. 37 பேரைச் சிறையில் தள்ளினார்கள். கொலை, கொள்ளை செய்தவர்களல்ல, வேலை கேட்டவர்கள். ஒரு மாதம் தண்டனை. வேலையும் போயிற்று, ஆட்குறைப்புத் தொகையும் போயிற்று, ஓய்வூதிய உரிமையும் போயிற்று.

1993-ல் பட்டறை மூடப்பட்டது. பின்னர் திறக்கப்பட்டு, கப்பல் பழுது பார்ப்பதும் கட்டுவதும் நடக்கிறது, லேர்டு என்ற பெயரிலேயே.